மறு: 'ரன் லெங்த் என்கோடிங்': ஓட்டம் வேண்டாமே

> 'ஓட்ட நீளக் குறியாக்கம்' என்றே வைத்துவிடலாம். பொருள் சரியாக வருகிறது.

வணக்கம்.

பொருள் எங்கே வருகிறது ஐயா? போன ஞாயிறு மஞ்சக்குப்பத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "யாரு சார் ஓடுறா?" என்று கேட்டார்கள். ஒரே மாதிரி அடுத்தடுத்து வருவதை ஆங்கிலத்தில் 'ரன்' என்பார்கள். ஒவ்வொன்றையும் எழுதாமல் அந்த வரிசையின் நீளத்தை மட்டும் எண்ணாகக் குறிப்பதுதான் 'ரன் லெங்த் என்கோடிங்'. தமிழில் ஓட்டம் என்றால் கால்தான்.

நடத்தியது கட்டத்தாள் விளையாட்டு. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து டிம் பெல் முதலியோர், கணினி இல்லாமலே கணினியியல் சொல்லித்தரப் பரப்பியது. வரிக்கு வரி வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை, மறுபடி வெள்ளை எத்தனை என்று எண்ணை மட்டும் எழுத வேண்டும். அதைப் பார்த்து இன்னொருவர் கட்டங்களைக் கறுப்படிப்பார். எண்ணுவது எப்போதும் வெள்ளையில்தான் தொடங்கும். ஐந்து கட்ட அகலத்தில் 'ட' இப்படி:

0, 1, 4
0, 1, 4
0, 1, 4
0, 5

ஒரு பாப்பா, "இல்லாத வெள்ளையை எதுக்கு எழுதணும்?" என்று 0 எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். பக்கத்துப் பையன் தாளில் ட வரவில்லை, கறுப்புச் செங்கல் ஒன்று வந்தது. அப்புறம் சண்டைதான். பழைய ஃபேக்ஸ் இயந்திரமும் வரிக்கு 1728 புள்ளியை இப்படி வெள்ளையில் தொடங்கித்தான் எண்ணும் என்றேன். ஃபேக்ஸ் என்றால் என்ன என்றார்கள். சரி, விட்டுவிட்டேன்.

கடைசியில் கோலம்தான் கைகொடுத்தது. "இடுக்குப் புள்ளி, 15-8" என்று அம்மாக்கள் நோட்டில் குறித்து வைப்பார்களே. நடுவரிசை 15, இருபக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. மொத்தம் 169 புள்ளி, அரை வரியில் அடங்கிவிட்டது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். 'சரம்' எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பாடநூலில் எழுத்துகளின் தொடருக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. என் பரிந்துரை 'கண்ணி'. கதம்பத்தில் மல்லி ஒரு கண்ணி, கனகாம்பரம் ஒரு கண்ணி என்று மாற்றி மாற்றித்தானே கட்டுகிறார்கள்? வகுப்பில் 'கண்ணிக் கணக்கு', கட்டுரையில் 'கண்ணிநீளக் குறியாக்கம்'.

– கடலூரிலிருந்து

*

> என் பரிந்துரை 'கண்ணி'.

எனக்கு உடனே கண்ணிவெடிதான் ஞாபகம் வருகிறது. 'பட்டை' எப்படி? வெள்ளைப் பட்டை 4, கறுப்புப் பட்டை 1. தாளில் பார்த்தாலும் பட்டை பட்டையாகத்தானே தெரிகிறது. பட்டைக் குறியீட்டுக்கும் (பார்கோடு) சொந்தமாகிவிடும்.

– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

*

> 'பட்டை' எப்படி?

புதுச்சேரிக்காரர் சொல்கிற சொல்லா இது! உங்கள் ஊர் வகுப்பில் "ஒரு பட்டை போடு" என்று சொல்லிவிட்டு, பெற்றோர் கண்ணில் படாமல் வீடு போய்ச் சேருங்கள் பார்ப்போம்.

விளையாட்டாகச் சொன்னேன். சிக்கல் வேறு. கறுப்பு ஒரே ஒரு கட்டம்தான் என்றால் அதைப் பட்டை என்று யார் சொல்வார்கள்? சங்கிலியில் ஒற்றை வளையமும் கண்ணிதான். வெடி ஞாபகம் வருவது நமக்கு, பிள்ளைகளுக்கு வரவில்லை.

அப்புறம், வரித் தொடக்கத்து 0-வுக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டுச் சண்டை மூட்டிய பாப்பாவே இந்த வாரம் 'வெறுங்கண்ணி' என்றாள். அதை நான் திருத்துவதாக இல்லை.

– கடலூரிலிருந்து