அஞ்சு மாசம், இன்சூரன்ஸ் எதுவும் இல்லை. இப்போ என்ன பண்றது?

கோவைப்பூ:
எல்லாருக்கும் வணக்கம். முதல் குழந்தை, அஞ்சு மாசம் முடியப் போகுது. வீட்டுக்காரர் மில்லுல சூப்பர்வைசர், சம்பளம் 19,500. பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டிட்டு இருக்கேன். சிசேரியன்னா லட்சத்தைத் தாண்டும்னு சொன்னதிலிருந்து தூக்கமே இல்லைங்க. பிரசவச் செலவு கிடைக்க ரெண்டு மூணு வருஷம் காத்திருக்கணும்னு ஏஜென்ட்டுங்க சொல்றாங்க. ஒருத்தர் மட்டும், மாசமா இருக்கறதை ஃபார்ம்ல சொல்லாம போட்டுடலாம்ங்கிறார். போடலாமா? வளைகாப்பு முடிஞ்சதும் கரூர்ல அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.

ராஜி அக்கா:
தயவுசெஞ்சு போடாதம்மா. மறைச்சது தெரிஞ்சா க்ளைமும் போகும், பாலிசியும் ரத்தாகும். மறைச்சாலும் காத்திருப்புக் காலம் குறையாது, அந்த ஏஜென்ட்டுக்குத்தான் லாபம். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டை எடுத்துப் பாரு. ஈ.எஸ்.ஐ.ன்னு, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குன்னு, பணம் பிடிச்சிருக்காங்களா?

கோவைப்பூ:
ஆமாக்கா, 147 ரூபாய் பிடிச்சிருக்காங்க. அது வேலை செய்யறவங்களுக்கு மட்டும்னு நினைச்சோம்.

ராஜி அக்கா:
அப்போ உனக்கு இன்சூரன்ஸ் இருக்கும்மா! சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்க அதுல வருவாங்க. தொழிலாளி 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். மனைவி, பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு, பிரசவமும் சேர்த்தி. பிரசவ லீவுக்கு 26 வாரச் சம்பளம்ங்கிறது தன் பேர்ல ஈ.எஸ்.ஐ. இருக்கற பெண்களுக்குத்தான், உனக்கு வராது. உன் பேரும் ஆதாரும் அவர் கணக்குல ஏறியிருக்கான்னு நாளைக்கே கம்பெனி ஆபீஸ்ல கேக்கச் சொல்லு. நிறைய வீட்டுல இங்கதான் விட்டுப்போகுது. ஏறினதும் உங்க ஏரியா ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துல காட்டு, அங்கிருந்து சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாங்க.

செவிலியர்_மேற்கு:
நான் கிராம சுகாதார செவிலியர். ஈ.எஸ்.ஐ. ஒரு பக்கம் நடக்கட்டும், பிக்மி எண், அதாவது அரசாங்கத்துல கர்ப்பத்தைப் பதிஞ்சதும் தர்ற எண், வாங்கிட்டீங்களா? தனியார்ல காட்டினாலும் அது கட்டாயம். நாளைக்குக் குழந்தையோட பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேப்பாங்க. ஆதார், பேங்க் பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட் எடுத்துட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்க்கும் இதே எண்தான். அதுல 14,000 தவணை தவணையா பணமா வரும், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள்ள பதியணும்ங்கிறது விதி, உங்களுக்குத் தாமதம்தான். எந்தத் தவணை கிடைக்கும்னு அங்க இருக்கற செவிலியர் பார்த்துச் சொல்லுவாங்க.

கோவைப்பூ:
இன்னும் வாங்கலைங்க. கரூர் போனா அங்க மறுபடி பதியணுமா?

செவிலியர்_மேற்கு:
வேண்டாம், ரெண்டாவது எண் வாங்கினாத்தான் குழப்பம். அதே எண்ணைக் கரூர்ல இருக்கற செவிலியர்கிட்ட சொன்னாப் போதும். அரசு ஆஸ்பத்திரியில சுகப்பிரசவமோ சிசேரியனோ இலவசம். மருந்து, ரத்தம், ஸ்கேன், சாப்பாடு எல்லாம் அதுல அடக்கம், 2011-ல இருந்தே இதுதான் நடைமுறை. அதனால ஈ.எஸ்.ஐ. பேப்பர் இழுத்தாலும் பயப்படாதீங்க, கரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. வலி வந்தா 108 ஆம்புலன்ஸ், வீடு திரும்ப 102 வண்டி.

கோவைப்பூ:
ரொம்ப நன்றி. அந்த ஏஜென்ட்டுக்கு வேண்டாம்னு சொல்லிட்டோம். திங்கக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையம் போறோம்.

செவிலியர்_மேற்கு:
போங்க. ஒவ்வொரு மாசமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குன்னே டாக்டர் இலவசமா பார்ப்பாங்க, அதையும் விட்டுடாதீங்க. தனியார் ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் டாக்டருக்கு வேணும்.