கச்சானும் பந்தும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க அனுபவங்கள்

(கல்லடியிலிருந்து)

நாங்கள் உதைபந்து அடித்துப் பழகியது கடற்கரையில். காய்ந்த மணலில் பந்து உருளாது, தூக்கித்தான் அடிக்கவேண்டும். அந்தக் காலோடு வெபர் மைதானத்தில் இறங்கினால் ஆனி, ஆடியில் கச்சான் பிடித்துக்கொள்ளும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வெறும் சூட்டோடு வருகிற காற்று அது. உயர்த்தி அடித்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாமலே தொங்கும்.

பிறகு சின்னப் பெடியன்களுக்குப் பழக்கத் தொடங்கியபோது அதே வியாதியை அவர்களிடமும் கண்டேன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் 5ஆம் இலக்கப் பந்து. 410 முதல் 450 கிராம் வரை நிறை. ஓடித்திரிய முழு மைதானம். அவன் பாவம், கண்ணை மூடிக்கொண்டு உதைக்காமல் வேறென்ன செய்வான்? 4ஆம் இலக்கப் பந்து வாங்கினோம். மைதானத்தைக் குறுக்காகப் பிரித்து, பக்கத்துக்கு ஐந்து பேராக விட்டோம். முழங்காலுக்கு மேல் பந்து எழும்பினால் அது எதிர்ப் பக்கத்துக்கு என்று ஒரு சட்டமும் போட்டேன்.

"சேர், இது ஹொக்கியா?" என்று கேட்டான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனாலும் சட்டத்தை மாற்றவில்லை. கொஞ்ச நாளில் காலின் உட்பக்கத்தால் தட்டி, தலையை நிமிர்த்திப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

திருந்தாதவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கும் தகப்பன்மார். "அடிச்சு விடு மகன், அடிச்சு விடு!" அதில் ஒருவர் கடலுக்குப் போகிறவர். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே சொல்லித்தருவார். மகன் காலில் பந்து வந்தால் மட்டும் எல்லாம் மறந்துபோகும்.

(கல்முனையிலிருந்து)

அண்ணன் சொன்ன கச்சானால் எங்களுக்கு ஒரு சண்டையே வந்தது. எங்கள் கோல்கீப்பர் தம்பி மெலிந்த பிள்ளை. கோல் கிக்கை, அதாவது கோலுக்கு முன்னால் வைத்து அடிக்கும் உதையை, வானத்துக்கு அடித்தான். பந்து பெட்டிக்கு (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி எல்லைக்கு) வெளியே போய், காற்றில் திரும்பி, அவன் தலைக்கு மேலால் குத்தி உள்ளே போய்விட்டது. எதிரணி கோல் என்று துள்ளுகிறது, எங்கள் பெடியன் அழுகிறான். நடுவர் அமைதியாகக் கோர்னரை, எதிரணிக்கு மூலை உதையை, காட்டினார். கோல் கிக் யார் மீதும் படாமல் சொந்தக் கோலுக்குள் போனால் கோல் இல்லை, கோர்னர்தான். அங்கே நின்ற பெரியவர்கள் பாதிப் பேருக்கு அது தெரியாது. சத்தம் அடங்கவே நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு கோல் கிக்கைப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிக் கொடுக்கப் பழக்கினேன். இப்போது பெட்டிக்குள்ளேயே வாங்கலாம், 2019இல் அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். எங்கள் ஊருக்கென்றே மாற்றியது போல இருந்தது!

(கல்லடி, மறுபடியும்)

அது நல்ல வேலை தம்பி. நாணயச் சுழற்சியில் வென்றால் நான் முதல் பாதிக்குக் காற்றுக்கு எதிரான பக்கத்தைத்தான் எடுக்கச் சொல்வேன். பிள்ளைகள் களைத்த பிறகு கச்சானோடு மல்லுக்கட்ட முடியாது. மற்றப்படி, பின்னேரம் 3 மணி வெயிலில் சின்னவர்களுக்குப் போட்டி வைப்பது எனக்கு அறவே பிடிக்காது. வாழைச்சேனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பழக்குகிறவர்கள் யாராவது ஏற்பாட்டாளர்களைக் காலை நேரத்துக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறீர்களா? எப்படி என்று சொல்லுங்கள்.