ஜார்ஜ் ஹாரிசனின் ‘டீப் ப்ளூ’: பின்பக்கத்துப் பாடலைப் பற்றி ஒரு கேள்வி

ஏற்காட்டுவாசி:
அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து பங்களா ஒன்றை ஒழித்தபோது கிடைத்த பழைய இசைத்தட்டுகளோடு, 1971-இல் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, பீட்டில்ஸ் குழுவின் கித்தார்க் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் ஏழு அங்குலத் தட்டு ஒன்றும் என்னிடம் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் தயாரானது, எண் ஆர் 5912. முழு ஆப்பிள் படமுள்ள பக்கத்தில் ‘பங்களா தேஷ்’, அறுத்த ஆப்பிள் படமுள்ள பக்கத்தில் ‘டீப் ப்ளூ’. முன்பக்கப் பாடலைப் பலரும் அறிவார்கள். பின்பக்கப் பாடலைப் பற்றி நண்பர்கள் யாருமே பேசிக் கேட்டதில்லை. அதன் பின்னணி என்ன, அது ஏன் இப்படிக் கவனிக்கப்படாமல் போனது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன். மலை ஈரத்தில் தட்டெங்கும் வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கிறது. வரிப்பள்ளங்களுக்குச் சேதமில்லாமல் அதை எப்படி நீக்குவது?

செவ்வாய்ப்பேட்டை இசைத்தட்டு:
முதலில் பூசணம். சுத்தம் செய்யும்வரை ஊசியை அதன்மேல் வைக்க வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு கலந்து, மென்மையான தூரிகையால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. பிறகு வடித்த நீரால் மட்டும் ஒருமுறை கழுவி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். பழைய காகித உறையில் பூசண வித்துகள் தங்கியிருக்கும் என்பதால் உள்ளுறையைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அந்த பங்களாவில் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளும் கிடைத்திருந்தால் அவற்றின்மேல் இந்தக் கலவை படவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். இன்னொன்று: கோடையில் சேலத்துக்கு எடுத்து வருவதானால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள், வினைல் வளைந்துவிடும்.

அஸ்தம்பட்டி வானொலி நேயர்:
இந்தப் பாடலைக் கேட்டு ஒருவர் எழுதியிருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பீட்டில்ஸ் குழு பிரிந்த 1970-ஆம் ஆண்டில்தான் ஹாரிசனின் தாயார் லூயிஸ் புற்றுநோயால் படுத்திருந்தார். அவ்வாண்டு ஜூலையில் காலமானார். அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய்வந்த நாட்களில் பிறந்த பாடல் இது. நோயும் வலியும் நிறைந்த உடல்களுக்கு நடுவே நின்று, தன்னால் ஆவது எதுவுமில்லை என்று உணரும் ஒருவர், இறைவனிடம் ஒளியையும் புரிந்துகொள்ளும் மனத்தையும் கேட்கிறார். புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களில் தோய்ந்தவர்களுக்கு இந்தக் குரல் அந்நியமாக இராது.

இசையும் அதற்கேற்ப மிகக் குறைவானது: விரலால் மீட்டும் அக்கூஸ்டிக் கித்தார், உலோகக் கூம்பு பதித்த டோப்ரோ கித்தாரின் இழைவு, கிளாஸ் ஃபூர்மனின் பேஸ் கித்தார், ஜிம் கெல்ட்னரின் டிரம்ஸ், அவ்வளவே. சாக்ஸபோன்கள் முழங்கும் முன்பக்கத்தைக் கேட்டுவிட்டுத் திருப்பிப் போட்டால் வேறொரு மனிதர் பாடுவதுபோல இருக்கும்.

கவனிக்கப்படாததற்குக் காரணம் பாடலின் தரமன்று. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் 1971 ஆகஸ்ட் 1-இல் கிழக்கு வங்க (இன்றைய பங்களாதேஷ்) அகதிகளுக்காக நடந்த நிவாரண இசை நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்பாக, ஜூலை இறுதியில், இந்தத் தட்டு அவசரமாக வெளிவந்தது. உலகின் கண் முழுவதும் முன்பக்கத்தின்மேல் இருந்தது. அது பிரிட்டனில் 10-ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 23-ஆம் இடத்தையும் எட்டியது. 1973-இல் வந்த ‘லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்’ ஆல்பத்தில் ‘டீப் ப்ளூ’ சேர்க்கப்படவில்லை. 1976-இல் வந்த அவரது பாடல் தொகுப்பிலும் ‘பங்களா தேஷ்’ இடம்பெற, இது விடுபட்டது. 2006-இல் அந்த 1973 ஆல்பம் மறுவெளியீடு கண்டபோதுதான் கூடுதல் பாடலாகச் சேர்ந்தது. அதுவரை முப்பத்தைந்து ஆண்டுகள், இதைக் கேட்க விரும்பியவர்கள் உங்கள் கையிலிருக்கும் இந்தச் சிறிய தட்டைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஐந்து ரோடு வாசகர்:
மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் முன்பக்கத்தைச் செய்தியின் வேகத்தில் வந்த பாட்டாக மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. 1970 நவம்பர்ப் புயலும் அதைத் தொடர்ந்த போரும் கிழக்கு வங்கத்தைச் சிதைத்து, ஏறத்தாழ ஒரு கோடிப் பேரை இந்தியாவுக்குள் அகதிகளாகத் துரத்தின. அந்த மண்ணில் குடும்ப வேர் கொண்ட நண்பர், சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கர் உதவி கேட்டு வந்ததையே ஹாரிசன் பாட்டின் தொடக்கமாக வைத்தார். ஒரு பக்கத்தில் நண்பரின் துயரத்துக்காக அவரால் அரங்கத்தை நிரப்பவும் பணம் திரட்டவும் முடிந்தது. மறுபக்கத்தில் தாயின் கட்டிலருகே எதுவும் செய்ய முடியவில்லை. இரண்டையும் ஒரே தட்டில், இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. குறுந்தகட்டில் தனியாகக் கேட்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

ஏற்காட்டுவாசி:
மூவருக்கும் நன்றி. ஆல்கஹால் கலவை நன்றாக வேலை செய்தது. ‘டீப் ப்ளூ’வின் தொடக்கத்தில் மட்டும் சிறிது இரைச்சல் மிஞ்சியிருக்கிறது, டோப்ரோ நுழையும்போது ஒலி தெளிவாகிவிடுகிறது. 78 சுற்றுத் தட்டுகளும் சில இருக்கின்றன. அவற்றை வெறும் உலர்ந்த தூரிகையால் மட்டுமே தொட்டிருக்கிறேன். அரக்குத் தட்டுகளைக் கழுவும் முறையைச் செவ்வாய்ப்பேட்டை நண்பர் தனியாக எழுதினால் உதவியாக இருக்கும்.