ரிமோட் ஸ்டார்ட்டர் பூட்டிய பிறகு வரும் மின்கோளாறுகள்: கனடாக் குளிரில் கண்டவை

ஸ்காபுறோ, வாகன மின்வேலை:

ரிமோட் ஸ்டார்ட்டர் (காருக்கு வெளியே நின்று பொத்தானால் எஞ்சினை ஓடவைக்கிற பெட்டி) பூட்டின கார்களுக்குக் குளிர் தொடங்கினதும் வாற முறைப்பாடு இதுதான்: காரை நாலு நாள் நிப்பாட்டினால் பற்றரி செத்துப்போகுது, புதுப் பற்றரி போட்டாலும் அதே கதை. பற்றரிக்குக் காசு குடுக்க முதல் கசிவை, அதாவது கார் சும்மா நிக்கேக்க பற்றரியிலிருந்து போற கரண்டை, அளந்து பாருங்கோ.

பொனற்றைத் திறந்து, அது மூடியிருக்கு என்று கார் நினைக்கப் பொனற் சுவிட்சை அழுத்தி டேப் ஒட்டுங்கோ. கதவு திறந்திருக்க வேண்டுமென்றால் அதன் லாட்சை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடிவிடுங்கோ. சாவியைக் காருக்குக் கிட்ட வைக்காதேங்கோ. பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பற்றரி முனைக்கும் நடுவில் மல்டிமீற்றரை 10 ஆம்பியர் அளவில் தொடராக வைத்து, 40 நிமிடம் தொடாமல் விடுங்கோ. 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்க வேணும். மீற்றர் தொடரில் இருக்கேக்க ஸ்டார்ட் பண்ணக்கூடாது, அதன் பியூஸ் எரிஞ்சு போகும்.

300 மில்லி ஆம்பியரில் நின்றால் நாளுக்கு 7.2 ஆம்பியர் மணி போகுது. 60 ஆம்பியர் மணி பற்றரிக்கு நாலு நாளில் பாதி போய்விடும். கடுங்குளிரில் மிச்சப் பாதி எஞ்சினைச் சுத்தக் காணாது.

இந்த இடத்தில்தான் கனபேர் தவறுகினம். ரிமோட் ஸ்டார்ட்டருக்குப் போற வயரை மட்டும் அளந்தால் சில மில்லி ஆம்பியர்தான் காட்டும், அது குற்றமில்லை என்று விட்டுவிடுவினம். ஆனால் கனடாவில் 2007 செப்டம்பர் 1க்குப் பிறகு வந்த புதுக் கார்களில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) கட்டாயம். அதைக் கடக்க ஒரு பைபாஸ் மொடியூல் போட்டிருப்பினம். அது கேன் பஸ்ஸில் (காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசுற வயர்வழியில்) ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தால் காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றும் உறங்காது. கரண்டை இழுக்கிறது கம்ப்யூட்டர்கள், உறங்கவிடாமல் வைச்சிருக்கிறது பைபாஸ். அதன் டேட்டா பிளக்கைக் கழற்றி, இன்னொரு 40 நிமிடம் பொறுத்து அளந்து பாருங்கோ. கரண்ட் விழுந்தால் ஆள் பிடிபட்டது. பெரும்பாலும் அந்தக் கார் மொடலுக்குரிய மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் தீரும்.

எட்மன்டன்:

ஸ்காபுறோ அண்ணன் சொன்ன கசிவு ஒரு பக்கம். சாவி திருகும் கார்களில் இன்னொன்று அடிக்கடி வரும். ரிமோட்டில் எஞ்சின் ஓடும், ஹீட்டர் ஃபேன் மட்டும் சுற்றாது. இல்லையென்றால் ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரியும். இக்னிஷன் சுவிட்ச் கொத்திலிருந்து போகும் வயர்களில் ஒன்றுக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் கரண்ட் கொடுக்கவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். பல கார்களில் இரண்டாவது இக்னிஷன் அல்லது இரண்டாவது ஆக்சசரி (ஃபேன் போன்ற துணைக் கருவிகளுக்கான) வயர் இருக்கும், பொருத்துபவர் ஒன்றோடு நிறுத்தியிருப்பார்.

கண்டுபிடிப்பது எளிது. முதலில் சாவியால் பாருங்கள். இக்னிஷன் வயரில் ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் 12 வோல்ட் இருக்கும். ஆக்சசரி வயரில் ஆன் நிலையில் 12, ஸ்டார்ட் செய்யும் நொடியில் பூஜ்யம். ஸ்டார்ட்டர் வயரில் ஸ்டார்ட் நிலையில் மட்டும் 12. குறித்துக்கொண்டு, ரிமோட்டில் ஸ்டார்ட் செய்து அதே வயர்களை மீண்டும் பாருங்கள். எது மாறுகிறதோ அங்கே ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் மின்சுவிட்ச்) சேர்க்க வேண்டும். ஃபேன் நிறைய கரண்ட் இழுக்கும், 30 ஆம்பியர் ரிலேவும் தனி பியூஸும் போடுங்கள். மல்டிமீட்டரை மட்டுமே பயன்படுத்துங்கள், பல்பு போட்ட டெஸ்ட் லைட் வேண்டாம். மஞ்சள் கனெக்டர் உள்ள ஏர்பேக் வயர்களைத் தொடவே கூடாது.

வின்னிபெக்:

ஸ்டார்ட்டர் மோட்டார் கறகறவென்று அரைப்பது, அல்லது எஞ்சின் பிடிக்கும் முன்னே விட்டுவிடுவது: ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) சிக்னலைப் பாருங்கள். எஞ்சின் பிடித்துவிட்டதா என்று பேட்டரி வோல்டேஜை வைத்து ஊகிக்கும் முறையில் விட்டிருந்தால் கடுங்குளிரில் ஏமாற்றும். டேக் வயரையோ (எஞ்சின் வேகத்தைச் சொல்லும் வயர்) டேட்டா வழி சிக்னலையோ கொடுத்து, வெப்பமான எஞ்சினில் ரிமோட் ஸ்டார்ட்டரை மறுபடி பழக்குங்கள். ரிமோட் ஸ்டார்ட் நின்றுபோனால் பார்க்கிங் லைட் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். பல மாடல்களில் நின்ற காரணம் அதில்தான் சொல்லப்படும், கையேட்டில் பட்டியல் இருக்கும்.

ஸ்காபுறோ:

வின்னிபெக் தம்பி சொன்னதோட இணைப்புகளையும் பாக்க வேணும். ஸ்டியரிங்குக்குக் கீழே பலகையைக் கழற்றினால் நீலம், சிவப்பு பிளாஸ்டிக் கவ்விகள் வயரைக் கடிச்சபடி இருக்கும். அவை உள்ளிருக்கிற செம்பு இழையில் சிலதை வெட்டிவிடும். சப்பாத்தில் வாற உப்புத்தண்ணியின் ஈரம் ஏறினால் இழை பச்சையாகிப் பொடியும். ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், அடுத்த நாள் சத்தமே வராது. வெட்டி எடுத்து, சோல்டர் பண்ணி, ஹீற் ஷ்ரிங்க் போடுங்கோ. கிரவுண்ட் வயரைப் பெயின்ற் சுரண்டின உடற்தகட்டில் போல்ட் பண்ண வேணும். ரிமோட்டில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்க அந்த போல்ட்டுக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிரவுண்ட் சரியில்லை.

ரிமோட் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றிச் சோதிக்க முதல் ஒன்று: ஸ்டார்ட்டர் வயரை வெட்டி அந்தப் பெட்டி வழியாக ஓட விட்டிருந்தால், பிளக்கைக் கழற்றினதும் சாவியிலும் கார் ஸ்டார்ட் ஆகாது. வெட்டின இரண்டு முனையையும் சேர்த்து மூடின பிறகே பிளக்கைக் கழற்றுங்கோ.

எட்மன்டன்:

கசிவு 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தும் பேட்டரி இறங்குகிறதா? பின்கண்ணாடி டிஃபாகர், சீட் ஹீட்டர், ஃபேன் எல்லாம் போட்டு 15 நிமிடம் நின்றபடி ஓட்டி, பிறகு ஐந்து நிமிடம் மட்டும் பயணம் போகும் கார்களைப் பாருங்கள். ஐடிலில் (கார் நகராமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரால் முழு கரண்ட் தர முடியாது, எடுத்தது திரும்பி ஏறுவதில்லை. இரவு நின்ற பிறகு காலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜரில் முழுதாக ஏற்றிவிட்டு, ரிமோட் ஓட்ட நேரத்தை 10 நிமிடமாகக் குறையுங்கள்.