பக்தியா, பாசமா: பதின்ம வயதுப் பிள்ளைகளைக் காப்பது எது?

மின்மினி:
பக்தியோடு வளர்கிற பிள்ளை குடி, போதை என்று எளிதில் போகாது. இது என் ஆசை மட்டுமில்லை. ஆய்வாளர்கள் பேயரும் ரைட்டும் 2001இல் 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மத ஈடுபாடு தவறான செயல்களை ஓரளவு குறைக்கிறது என்றே தெரிந்தது.

கூர்வாள்:
அந்த ‘ஓரளவு’தான் விஷயமே. 1969இல் சமூகவியலாளர்கள் ஹிர்ஷியும் ஸ்டார்க்கும் கலிபோர்னியா மாணவர்களிடம் பார்த்ததில், தேவாலயம் போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெற்றோரிடம் உள்ள ஒட்டுதல்தான் பிள்ளையைத் தடுக்கிறது என்று சொன்னவரும் இதே ஹிர்ஷிதான்.

மின்மினி:
ஸ்டார்க் பிறகு என்ன சொன்னார் என்பதையும் சொல்லுங்கள். சுற்றியிருப்பவர்களும் பக்தியுள்ளவர்களாக இருக்கும் இடத்தில் மதம் வேலை செய்கிறது என்றார். இந்த வயதில் சேர்க்கைதான் பாதி. கூட்டாளிகளும் அதே வழியில் இருந்தால் பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்வது சுலபம்.

கூர்வாள்:
நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும். அமெரிக்காவில் திருமணம் வரை உடலுறவு இல்லை என்று சத்தியம் செய்த பிள்ளைகளை பேர்மனும் புருக்னரும் ஆராய்ந்தார்கள் (2001). பலர் தள்ளிப்போட்டது உண்மை. ஆனால் சத்தியத்தை மீறியவர்கள் முதல் முறை கருத்தடை பயன்படுத்தியது மற்றவர்களைவிடக் குறைவு. தயாராகப் போவதே பாவம் என்று நினைக்கிற பிள்ளை வேறென்ன செய்யும்?

பழையவாசகன்:
பாசம் என்றால் எதைச் சொல்கிறீர்கள்? எங்கே போனாய், யாரோடு போனாய் என்று குடைவதையா? ஸ்டாட்டினும் கெர்ரும் 2000இல் ஸ்வீடனில் கண்டது வேறு. பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிள்ளையே தானாக வந்து சொன்னது. ராத்திரி பதினொரு மணி, வண்டி ஓட்ட வேண்டிய நண்பன் குடித்திருக்கிறான், உங்கள் மகள் கையில் போன் இருக்கிறது. ‘அப்பா, வந்து கூட்டிப்போங்க’ என்று கூப்பிடுவாளா, திட்டுக்குப் பயந்து பின்னால் ஏறி உட்காருவாளா? எனக்கு இதுதான் கேள்வி.

மின்மினி:
சரி, பயம் காட்டி வளர்க்கும் பக்தியை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அப்பாவே குடித்துவிட்டு அடிக்கிறவர் என்றால் அந்தப் பெண் யாரைக் கூப்பிடுவாள்? வழிபாட்டு இடத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிற ஒரு பெரியவர் இருந்தால் அவரைக் கூப்பிடலாம் இல்லையா?

கூர்வாள்:
கூப்பிடலாம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவளுக்குத் துணை நிற்பது அந்தப் பெரியவர். அவர் ஓர் ஆசிரியராகவும் இருக்கலாம். ரெஸ்னிக் குழு 1997இல் அமெரிக்கப் பிள்ளைகளிடம் கண்டதும் அதுதான்: குடும்பத்தோடு உள்ள நெருக்கம் போலவே பள்ளியோடு உள்ள நெருக்கமும் காப்பாக இருந்தது.