மறுமொழி: உயர்த்திய ஜீப்பின் நீளம் மாற்றும் தண்டுகளுக்கு என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம். உயர்த்திய ஜீப்பில் சக்கர அச்சைப் பிடித்திருக்கும், நீளத்தை மாற்றக்கூடிய தண்டுகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை இது:

> ‘சரிசெய்யத்தக்க இடைநிறுத்தப் பாகங்கள்’ என்று பொதுவாக வைத்துவிடலாமே?

எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் ‘இடைநிறுத்தம்’. இலங்கையில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஓர் உத்தியோகத்தரை வேலையிலிருந்து நிறுத்தியதுதான் ஞாபகம் வரும். சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதுவே போதும்.

‘சரிசெய்யத்தக்க’ அதைவிடப் பெரிய சிக்கல். எதைச் சரிசெய்வது? இங்கே சுசுகி ஜிம்னி ஜீப்புக்கு 50 மி.மீ. உயர ஸ்பிரிங் போட்டவுடன் கடைக்குப் போய் “அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய சாமான் எல்லாம் தாங்கோ” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாகம் எந்த அளவைத் திருத்துகிறது என்று பெயரே சொன்னால் பாதிக் காசு மிஞ்சும்.

ஜிம்னியையே எடுப்போம். முன்னுக்கும் பின்னுக்கும் இரு சக்கரத்தையும் இணைக்கும் முழு அச்சு, சுருள் ஸ்பிரிங். அச்சு இடம் வலமாக நகராமல் பிடிப்பது ஒரு குறுக்குத் தண்டு. பிரான்சின் பன்ஹார் கார் நிறுவனத்தின் பெயரால் அதைப் பன்ஹார்ட் ராட் என்கிறார்கள். அதன் ஒரு முனை சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், மறுமுனை அச்சில். வண்டியை உயர்த்தினால் தண்டின் சரிவு கூடும், கிடை நீளம் குறையும், அச்சு சேஸி முனை இருக்கும் பக்கம் இழுபடும். உதாரணத்துக்கு 900 மி.மீ. தண்டு, முனைகளுக்கிடையே 100 மி.மீ. உயர வித்தியாசம் என்று வையுங்கள். 50 மி.மீ. உயர்த்தினால் அச்சு ஏறத்தாழ 7 மி.மீ. பக்கமாகப் போகும். தண்டை அந்த அளவுக்கு நீட்டினால் அச்சு நடுவுக்கு வந்துவிடும். ஆக, இந்த இடத்தில் நீளம் மாறும் தண்டுக்கு வேலை இருக்கிறது.

அடுத்தது ஸ்டியரிங். உயர்த்திய பிறகு வண்டி நேரே போகாமல் அலைந்தால், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராவிட்டால், பெரும்பாலும் காஸ்டர் குறைந்திருக்கும். சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு மேலே பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அந்தச் சாய்வுதான் காஸ்டர். ‘பின்சாய்வு’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல், அப்படியே எடுத்துக்கொள்வோம்.

ஆனால் பின்சாய்வைத் திருத்த எல்லா வண்டிக்கும் நீளம் மாறும் கை உதவாது. கை என்பது அச்சை முன்பின் நகராமல் சேஸியோடு பிடிக்கும் தண்டு. ஜீப் ராங்ளரில் அச்சை மேலே இரண்டு, கீழே இரண்டு கைகள் பிடிக்கின்றன. கீழ்க்கையை நீட்டினாலோ மேற்கையைக் குறைத்தாலோ அச்சு சுழன்று சாய்வு கூடும். ஜிம்னியிலும், சுருள் ஸ்பிரிங் போட்ட பழைய டிஃபெண்டரிலும் முன் அச்சுக்குப் பக்கத்துக்கு ஒரு கைதான், அதுவும் இரண்டு போல்ட்டில் அச்சை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தக் கையை நீட்டினால் அச்சு முன்னே நகரும், சாய்வு அப்படியே கிடக்கும். அங்கே வேண்டியது துளை நடுவில் இல்லாத புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் றப்பர் உறை), அல்லது வளைவு மாற்றிச் செய்த கை. நீளம் மாறும் கையையும் இவற்றையும் ‘சரிசெய்யத்தக்கது’ என்று ஒரே சாக்கில் கட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

இனிச் சொல். இங்கே முன்பு வந்த ‘கூட்டிக்குறை தண்டு’ என்ற யோசனை பேச்சுக்கு நெருக்கமானதுதான். ஆனால் அவசரத்தில் வாசித்தால் ‘குறை’ என்பது பழுதாகத் தெரியும், விற்கிறவர் விரும்பமாட்டார். என் தெரிவு ‘புரித்தண்டு’, கைக்குப் ‘புரிக்கை’. நீளத்தை மாற்றுவது திருகுபுரி. பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகி, அளவு வந்ததும் மறுபடி இறுக்குகிறோம். நல்ல தயாரிப்பில் ஒரு முனை வலம்புரி, மறுமுனை இடம்புரி. தண்டைக் கழற்றாமல் நடுவில் பிடித்துச் சுழற்றினாலே நீளம் மாறும். இரு முனையும் ஒரே புரியானால் ஒரு பக்கத்தைக் கழற்றியே ஆகவேண்டும். வாங்கும்போது “இருபுரியா, ஒருபுரியா?” என்று கேட்க முடிகிறது பாருங்கள். வலம்புரி யாருக்கும் விளக்கத் தேவையில்லாத சொல், நம்மூர் நாளிதழ் ஒன்றின் பெயரும் அதுதான்.

திருகுபுரியைத் தமிழ்நாட்டு அன்பர்கள் ‘மரை’ என்பார்கள். தவறில்லை. ஆனால் இங்கே மரை என்றால் வன்னிக் காட்டில் திரிகிற பெரிய மான். ‘மரைத்தண்டு’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

துளை விலகிய புஷ்ஷுக்கு ‘விலகுமையப் புஷ்’. இதில் புரி இல்லை, ஆகவே புரி என்ற ஒட்டும் வேண்டாம். அளவுக்குறிப்பு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: றப்பர் புஷ் உள்ள முனையின் போல்ட்டை வண்டி தன் சக்கரத்தில், தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கவேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் றப்பர் எந்நேரமும் முறுக்குண்டு சீக்கிரம் கிழியும்.

றப்பருக்குப் பதில் முனையில் உலோகக் குண்டு வைத்து வருபவை பற்றி இன்னும் முடிவில்லை. மணற்காடு கடற்கரை மணலிலும் உப்புக் காற்றிலும் ஓடுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன், தேய்ந்து சத்தம் போடும். பெயர் மட்டும் வேண்டுமானால் பாடசாலை விஞ்ஞானத்திலேயே ‘பந்துக்கிண்ண மூட்டு’ இருக்கிறது. இடுப்பு மூட்டுக்குப் பொருந்தியது இதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், அதன்பிறகு சொற்பட்டியலில் ஏற்றலாம்.