மறு: ரீஜெனரேட்டிவ் டூரிசம் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வந்துபோகிறவர்களால் ஓர் ஊர் முன்பைவிட மேம்படுகிற சுற்றுலாவை ஆங்கிலத்தில் ரீஜெனரேட்டிவ் டூரிசம் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பசுமைச் சுற்றுலா, புத்துயிர்ப்புச் சுற்றுலா, மீளுருவாக்கச் சுற்றுலா. மூன்றையும் எங்கள் குமரி மாவட்டத்து இடங்களோடு பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பசுமையை விட்டுவிடலாம். ‘துண்டைத் தினமும் துவைக்கக் கொடுக்காதீர்’ என்று அறையில் அட்டை வைத்துவிட்டு, கழிவுநீரை ஓடையில் விடுகிற லாட்ஜும் பசுமை என்றுதான் போர்டு மாட்டுகிறது.

புத்துயிர்ப்பு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாருக்குப் புத்துயிர்? எண்ணெய் தேய்த்துப் படுக்கவைக்கிற ரிசார்ட் விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய வாசகர், வந்துபோகிறவருக்குத்தான் என்று நினைப்பார். நமக்கு வேண்டியது ஊருக்கும் மண்ணுக்கும்.

> மீளுருவாக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

என்று ஒருவர் கேட்டிருந்தார். புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். மீளுருவாக்கச் சுற்றுலா என்றால் பத்மநாபபுரம் அரண்மனை மாதிரிப் பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுக் காட்டுவது என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, ‘மீள்’ என்றதும் பழைய நிலைக்குத் திரும்புவது என்றாகிவிடுகிறது. பழையாறு கடலில் சேரும் மணக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 சுனாமி மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைத்த பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. அந்த ஊரை எந்த ஆண்டின் நிலைக்கு மீட்பது? காயலில் அலையாத்தி அடர்ந்து, மீன்குஞ்சு பெருகி, படகுக்காரர் வீட்டில் இன்னும் கொஞ்சம் காசு புழங்கினால் அது மீட்பு இல்லை, முன்னே போவது.

ரீஜெனரேட்டிவ் என்ற மூலச்சொல்லும் அந்தப் பொருளில்தான் பரவியது. 1980களில் அமெரிக்க இயற்கை வேளாண் ஆர்வலர் ராபர்ட் ரோடேல் வேளாண்மைக்காக இதைப் பரப்பினார். மண்ணை உள்ளபடி காப்பாற்றினால் போதாது, விளைய விளைய மண் மேலும் தேற வேண்டும் என்பது அவர் வாதம். சுற்றுலாக்காரர்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே உள்ளதைக் கெடாமல் காப்பதைக் குறிக்கும் சஸ்டெயினபிளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டாத எந்தச் சொல்லும் நமக்கு உதவாது. பசிபிக் தீவு நாடான பலாவுவின் உறுதிமொழியை ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். 2017 முதல் அங்கே வருகிறவர்கள் பாஸ்போர்ட்டில் முத்திரையிட்ட உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் சாரத்தில் அது ‘கெடுக்க மாட்டேன்’ என்ற வாக்கு. நாம் தேடுவது அதற்கு அடுத்த படி.

சஸ்டெயினபிளுக்கு ‘வளங்குன்றா’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அதை ஒட்டியே என் பரிந்துரை: வளங்கூட்டு சுற்றுலா. ஒன்று வளம் குன்றாமல் பார்த்துக்கொள்வது, மற்றது கூட்டுவது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வேறுபாடு புரிந்துவிடும்.

கூட்டு என்றதும் சாப்பாட்டு இலை நினைவுக்கு வருகிறதே என்று கேலி வரும், வரட்டும். உண்மையான குழப்பம் கூட்டுக் குடும்பம், கூட்டுறவு ஆகியவற்றிலுள்ள கூட்டோடுதான். அதற்காகவே ‘வளங்கூட்டுச் சுற்றுலா’ என்று ஒற்று போடாமல் விட்டேன். ச் போட்டால் கூட்டு பெயர்ச்சொல்லாகிவிடும். போடாவிட்டால் ஆட்டுகல், வெட்டுகத்தி போல வினைத்தொகை: வளம் கூட்டிய, கூட்டுகின்ற, கூட்டும் சுற்றுலா. மெய்ப்புப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து ச் சேர்த்துவிடாதீர்கள். நம் குழுவிலேயே இருவர் சேர்ப்பார்கள் என்று தெரியும்.

வளம் என்றால் காசு மட்டும்தானே என்று ஒரு மறுப்பு வரலாம். அப்படியில்லை. நீர்வளம், கடல்வளம் என்கிறோம். ‘பிள்ளைகள் வளமாக இருக்கிறார்கள்’ என்றும் சொல்கிறோம். இயற்கையும் பிழைப்பும் ஒரே சொல்லுக்குள் இருப்பது இங்கே வசதிதான். எங்கள் பக்கத்து அக்கானியைப் பாருங்கள் (மற்ற ஊர்களில் பதநீர்). சூரிய உதயம் பார்த்து, படகில் பாறைக்குப் போய், 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் படம் எடுத்து, மத்தியானம் பஸ் ஏறுகிற கூட்டத்தால் பனையேறிக்கு ஒன்றும் இல்லை. அதே கூட்டத்தில் பத்துப் பேர் விளைக்குள் (தோப்புக்குள்) வந்து, பனையிலிருந்து இறக்கிய அக்கானியை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்து, கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டிலேயே கருப்பட்டியும் வாங்கினால் மரம் ஏறுவதற்கு ஒரு காரணம் இருக்கும். ஏற ஆள் இருந்தால் மரம் செங்கல் சூளைக்குப் போகாது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். அது குன்றாமல் காக்கிற ஏற்பாடு. கூட்டுவது பனையேறியின் வருமானம்.

சுசீந்திரம்–தேரூர் குளங்களுக்கும் இதே கணக்குதான். 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தாயிற்று. பறவை பார்க்க வருகிறவர்களின் கட்டணத்தில் ஆகாயத்தாமரையை வாரி, குளத்தங்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கே வழிகாட்டி வேலை கொடுத்தால் வளங்கூட்டு. கார் நிறுத்தக் கரையை அகலப்படுத்தினால் அது வெறும் சுற்றுலா.

அகராதிக்கு இப்படி வரையறுக்கலாம்: ‘வருகிறவர்களின் பணமும் உழைப்பும் ஓர் ஊரின் மண், நீர், உயிரினங்கள், தொழில் ஆகியவற்றை முன்பைவிட மேம்படுத்தும்படி, அவ்வூராரே திட்டமிட்டு நடத்தும் சுற்றுலா.’ ‘ஊராரே’யில் உள்ள ஏகாரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளியூர் முதலாளி மரம் நட்டுப் படம் போடுவது இதில் அடங்காது.

ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும் கேரியிங் கெபாசிட்டிக்குத் ‘தாங்குதிறன்’ போதும். ஹோம்ஸ்டேக்கு ‘வீட்டுத்தங்கல்’ என்று எழுதிவருகிறேன், யாருக்கும் பிடிக்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்களேன்.